மூன்று அறையிலும் ஒரே பெட்டி

எங்கள் யூனிட்டில் மூன்று அறைகள். மூன்றிலும் தெரிவது ஒரே கோப்புறை. இந்த ஒரு விஷயத்தைப் புரியவைக்க நான் பட்டது நாய் படாத பாடு. எல்லோரும் புரிந்தது மாதிரி தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் யாருக்கும் ஒன்றும் செலவில்லையே.

ஆம்பூர் என்றால் ஷூ கம்பெனி. ஆனால் எங்களுடையதை ஷூ கம்பெனிக்காரர்கள் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போனவர்களுக்கு மட்டும் ஷூவும் செருப்பும் செய்யும் சின்ன இடம். முன்னால் அளவு ரூம். அங்கே கண்ணாடிப் பலகைமேல் ஏறி நின்றால் ஸ்கேனர் உள்ளங்காலைப் படம் பிடிக்கும். அடுத்தது கட்டிங். அந்தப் படத்தை வைத்து, ஷூவுக்குள் போடும் மெத்தையான இன்சோலை ஒரு மெஷின் செதுக்கும். கடைசியில் பில் போடும் ஆபீஸ். இந்த மூன்றுக்கும் கம்ப்யூட்டர் பார்க்கிறவள் நான். வீட்டில் அப்பாவைக் கேட்டால், "எங்க பாப்பா கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுது" என்பார். அதுவும் சரிதான்.

யூனிட்டில் உண்மையான கம்ப்யூட்டர் ஒன்றுதான். என் மேஜைக்குக் கீழே, லினக்ஸில் ஓடுகிறது. மற்ற அறைகளில் இருப்பதெல்லாம் அதற்குள் நுழைந்து வேலை பார்க்கும் திரைகள். கால்களின் கோப்புகளோ நெட்வொர்க்கில் மாட்டிய ஒரு கறுப்புப் பெட்டியில் இருந்தன. உள்ளே ஹார்டு டிஸ்க், வெளியே ஒரு பச்சை விளக்கு. அந்தப் பெட்டியை லினக்ஸ் தன்னிடமுள்ள ஒரு கோப்புறையில் ஏற்றிக் காட்டும். அதைத்தான் மவுன்ட் என்கிறோம். அங்கேதான் வில்லங்கம். ஸ்கேனர் புரோகிராம் தன் அறையின் கோப்புறையைத் தவிர வேறெதையும் எட்டிப் பார்க்க மாட்டேன் என்றது. செதுக்குகிற புரோகிராமும் அப்படியே. பில் போடுகிறது இன்னும் மோசம். மூன்று கம்பெனிகளிடம் வாங்கியவை, கல்யாணத்தில் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காது. ஷார்ட்கட் மாதிரி ஒரு இணைப்பு போட்டுக் கொடுத்தேன். இது கோப்புறையே இல்லை என்று துப்பிவிட்டன.

கடைசியில் பைண்ட் மவுன்ட் போட்டேன். ஒரு இடத்தில் ஏற்றிய கோப்புறையை இன்னோர் இடத்திலும் அதுவாகவே தெரியவைக்கிற வேலை அது. நகல் கிடையாது, இணைப்பும் கிடையாது, அதேதான். மொட்டை மாடியில் ஒரு தண்ணீர் டாங்க், வீட்டில் மூன்று குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் தானாக ஏறிக்கொள்ளும்படி சில வரிகள் எழுதி வைத்தேன். மூன்று அறைத் திரைகளிலும் கால்கள் வந்து நின்றன. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

மறுநாளே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். மூணு எடத்துல தெரியுதே தவிர இருக்கிறது ஒண்ணுதான், ஒரு எடத்துல அழிச்சா மூணு எடத்துலயும் போய்டும் என்று. அளவு ரூமில் இருக்கிற பெண், முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவள், சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள், டக்கென்று பிடித்துக்கொண்டாள்.

"புரிஞ்சிதுக்கா. எங்க சர்ச்ல சொல்வாங்களே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு. மூணு பேரு, ஆனா ஒரே தேவன். அதானே?"

"அதேதான்ம்மா. ஆனா இங்க ஒருத்தரை அழிச்சா மூணு பேரும் காலி."

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா!" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கட்டிங் அண்ணன் சிரிக்கவில்லை. கலவை ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், கைவேலை சுத்தம், ஆனால் திரையில் கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புவார். "என் ரூம்ல இருக்கிறது என்னுது மேடம். அந்தப் பொண்ணு ரூம்ல இருக்கிறது அதனுது. ஒண்ணு எப்படி ஆவும்?" என்றார். டாங்க், குழாய் என்று ஆரம்பித்தேன். "சரி மேடம், சரி மேடம்" என்றார். பெரிய எழுத்தில் 'மூன்றும் ஒன்றே, அழிக்காதீர்கள்' என்று தாளில் அடித்து மூன்று சுவரிலும் ஒட்டினேன். கட்டிங்கில் ஒட்டியதன்மேல் அவர் காலண்டரை மாட்டிக்கொண்டார். அழிக்கவே முடியாமல், படிக்க மட்டும் என்று பூட்டியும் பார்த்தேன். திருத்தங்களைச் சேமிக்க முடியவில்லை என்று அவரே வந்து நின்றார். பூட்டை எடுத்தேன்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். வரும்போது கம்ப்யூட்டர் முதலில் எழுந்துவிடும், கறுப்புப் பெட்டி மெதுவாகத்தான் எழும். பெட்டி தூங்கும்போது ஏற்றினால் மூன்று கோப்புறையும் காலியாகத் தெரியும். "மேடம், எல்லாம் போச்சு!" என்று மூன்று அறையிலிருந்தும் கூவுவார்கள். நான் போய் ஒரு கட்டளையைத் தட்டினால் எல்லாக் கால்களும் திரும்ப வந்துவிடும். இப்படியே நடந்து நடந்து, காலியாகத் தெரிவது எங்களுக்குப் பழகிவிட்டது. பேஜார் எதற்கு, மேடம் வந்து ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும் என்று ஆகிவிட்டது. அந்தத் தைரியத்தைக் கொடுத்தது இந்தக் கரண்டுதான்.

அந்தப் பெட்டியில் என் அப்பாவின் கால்கள் இருந்தன.

அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று வேலை பார்த்து ஓய்ந்தவர். சர்க்கரை வந்து, கால் இரண்டும் மரத்து, ஒருநாள் செருப்புக்குள் ஆணி ஏறியது தெரியாமல் ஸ்டேஷன்வரை போய் வந்தார். தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு நான்தான் கத்தினேன். அவர், "எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா" என்றார். அம்மா இல்லை. வீட்டில் நானும் அவரும்தான். காலையில் எழுந்து ஸ்டேஷன்வரை நடந்து, டீ குடித்து, பழைய தோஸ்துகளோடு வம்பளந்து, வண்டி எது லேட் என்று விசாரித்துவிட்டு வருவார். அந்த நடையில்தான் அவர் உயிரே இருந்தது. வேறு எதையும் என்னிடம் அவர் கேட்டதில்லை.

மரத்த காலுக்கு ஷூ செய்வது எவ்வளவு கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நமக்கு ஷூ கடித்தால் ஐயோ என்போம். அவர்களுக்குக் கடித்தாலும் தெரியாது. புதுசு போட்டுவிட்டு, "எப்படிப்பா இருக்குது?" என்று கேட்டால், அப்பா எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார். "நல்லா இருக்குதும்மா." முதல் ஜோடிக்கும் அதைத்தான் சொன்னார். கட்டைவிரலுக்குக் கீழே புண் வந்தது. அங்கே பள்ளம் எடுத்தோம். அடுத்ததற்கும் நல்லா இருக்குது என்றார். ஓரத்தில் புண் வந்தது. அங்கே இரண்டு மில்லிமீட்டர் இறக்கினோம். இப்படி ஒவ்வொரு புண்ணாகப் பார்த்துப் பார்த்துத் திருத்தி, வருஷக்கணக்கில் ஒரு வடிவத்துக்கு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு புண் வரவில்லை. ஸ்கேனர் எடுப்பது காலின் படம் மட்டும்தான். எங்கே அழுத்தினால் புண்ணாகும் என்பது அந்தப் படத்தில் இருக்காது. அது அந்தத் திருத்தங்களில் இருந்தது. அப்பாவின் காலுக்குத் தெரியாத வலி அந்தக் கோப்புக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் இன்னொரு டிஸ்க் வேண்டும், தினமும் நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று மேனேஜரிடம் நச்சரித்தேன். அவர் நல்ல மனிதர். அதுதான் கொடுமை, திட்டவும் முடியாது. ஆபீஸ் திரையைத் திறந்து காட்டினார். அளவு ரூமுக்கு என்னைக் கூட்டிப்போய் அந்தத் திரையையும் காட்டினார்.

"இன்னாம்மா, மூணு எடத்துல இருக்குது. இன்னும் எதுக்கு ஒண்ணு? எல்லாத்துலயும் உனக்கு ஜாஸ்தி பயம்."

"சார், மூணும் ஒரே பெட்டி சார்."

"நீதானே மூணு எடத்துல போட்டே? நல்லாத்தான் போட்டிருக்கே. உட்டுடு."

என் வேலையைப் புகழ்ந்தே என் வாயை அடைத்துவிட்டார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அன்றைக்கு முந்தின நாள் வேலை நடக்காது, சுத்தம்தான் நடக்கும். பூஜை யாருடையதாக இருந்தாலும் சுத்தம் எல்லோருக்கும் பொது. அளவு ரூம் பெண் துடைப்பத்தோடு முதல் ஆளாக நின்றாள். அவரவர் மேஜை, அவரவர் மெஷின், அவரவர் அலமாரி. வெட்டிப்போட்ட தோல் துண்டுகளை மூட்டை கட்டி வெளியே போட்டார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதிலும் சுத்தம் செய்வது வழக்கமாகியிருந்தது. பழைய பாட்டு, பழைய வாழ்த்துப் படம், போன வருஷத்து வீடியோ எல்லாவற்றையும் அழிப்பார்கள். அதையெல்லாம் செய்யச் சொன்னது நான்தான், இடம் கம்மியாகிறதே என்று. கால்களைத் தொடக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன்.

கட்டிங் அண்ணனுக்கு அன்று சுத்தம் செய்கிற வெறியே பிடித்துவிட்டது. மெஷினை எண்ணெய் போட்டுத் துடைத்தார், ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்தார். பிறகு திரைமுன் உட்கார்ந்து, டெலிவரி முடிந்த கால்களையெல்லாம் தன் அறையிலிருந்து அழித்தார். அவர் கணக்கில் முடிந்த வேலை முடிந்த வேலை, அதன் அசல் அளவு ரூமில் பத்திரமாக இருக்கிறது. அதே மத்தியானம் அளவு ரூமில் அந்தப் பெண் தன் திரையைத் திறந்தாள். நிறைய காணவில்லை. கரண்ட் போய் வந்திருக்கும், அக்கா வந்து தட்டினால் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாளாம். மிச்சம் தெரிந்தவற்றில் பழையவற்றை அவளும் அழித்தாள். அன்றைக்குப் பிதா, குமாரன் என்று சொன்னவளே, கட்டிங்கில்தான் இருக்கிறதே என்று நினைத்துவிட்டாள். நெட்வொர்க் பெட்டி என்பதால் அழித்தது கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று திரை ஆங்கிலத்தில் கேட்டிருக்கும். இரண்டு பேரும் ஆமாம் என்று அழுத்தினார்கள்.

நான் எங்கே இருந்தேன் என்று கேளுங்கள். அந்தப் பெட்டியின் முன்னால்தான் இருந்தேன். தூசி துடைத்து, சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு சாமந்திப் பூவும் வைத்துக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு சடசடவென்று மின்னியது. பண்டிகைக்கு முந்தின நாளிலும் யாரோ இவ்வளவு வேலை செய்கிறார்களே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். என் கண் எதிரே, என் கைச் சந்தனம் காய்வதற்குள், எங்கப்பா கால் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பூஜை. பொரி, கடலை, பூசணிக்காய் உடைத்தல் எல்லாம் நடந்தது. விளம்பரத்துக்கு ஆகும் என்று மேனேஜர் முழுவதையும் வீடியோ எடுத்தார். பெட்டியில் இடம் நிறைய இருக்கிறதே என்று ஆபீஸ் திரை வழியாக அதைப் பெட்டியிலேயே போட்டுவைத்தார்.

லீவு முடிந்து திறந்த அன்று, திருப்பத்தூரிலிருந்து ஓர் அம்மா, பழைய வாடிக்கையாளர், இரண்டாவது ஜோடி கேட்டு வந்தார். ஆபீஸில் தேடினார்கள், இல்லை. "அளவு ரூம்ல பாருங்க" என்றார்கள். அங்கே இல்லை. "கட்டிங்ல இருக்கும்க்கா" என்றாள் அவள். கட்டிங்கில் அண்ணன், "என்னுதுல நான் அழிச்சிட்டேன் மேடம், அந்தப் பொண்ணு ரூம்ல இன்னொண்ணு இருக்குதே" என்றார். நான் இன்னும் பதறவில்லை. பெட்டி தூங்கியிருக்கும் என்று போய்க் கட்டளையைத் தட்டினேன். வரவில்லை. எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றினேன். பெட்டியையே அணைத்து எழுப்பினேன். உள்ளே பூஜை வீடியோவும் புதிதாக எடுத்த சில கால்களும்தான் இருந்தன. அப்பாவின் எண்ணைத் தேடினேன். எத்தனை முறை தேடினால் என்ன, இல்லாதது இல்லாததுதான்.

கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. "படிச்சுப் படிச்சு சொன்னேனேடா பாவிங்களா!" என்றேன், வயதில் மூத்த மனிதரைப் பார்த்து. அவர் காலண்டரைத் தூக்கி, அடியில் இருந்த என் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண், "என்னாலதான்க்கா, என்னாலதான்" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர்களைத் திட்டியும் எனக்கு ஆறவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சுத்தம்தான் செய்தார்கள்.

டிஸ்கைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பினோம். அழித்த இடத்தின்மேல் பெரிய வீடியோ ஏறிவிட்டது, எடுக்க முடிந்தவரை எடுத்தோம் என்று உடைந்த துண்டுகளாகக் கொஞ்சம் திருப்பி அனுப்பினார்கள். எந்தக் காலும் முழுசாக இல்லை. வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் போன் செய்து வரவழைத்து, மறுபடி முதலிலிருந்து அளவெடுத்தோம். மேனேஜர் அந்த வாரமே புது டிஸ்க் வாங்கி என் மேஜைமேல் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவின் பழைய இன்சோலைக் கொண்டுவந்து அதிலிருந்து வடிவம் எடுக்கலாம் என்று முயன்றோம். மிதிபட்டு அப்பளமாகக் கிடந்தது. கட்டிங் அண்ணன் நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தார், கட்டைவிரலுக்குக் கீழே இவ்வளவு, ஓரத்தில் இவ்வளவு என்று. எத்தனை பேருடைய கால்கள், எத்தனை வருஷம்! அவருக்கே நிச்சயமில்லை. புது ஸ்கேன் எடுத்து, தெரிந்தவரை திருத்தி, ஒரு ஜோடி செய்து அப்பாவின் கால்களில் நானே மாட்டினேன்.

"எப்படிப்பா இருக்குது?"

"நல்லா இருக்குதும்மா."

தினமும் சாயங்காலம் டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இடது காலில் தோல் கொஞ்சம் காய்த்திருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் அப்பா ஸ்டேஷனிலிருந்து திரும்பியபோது குளிர்ஜுரம் மாதிரி நடுங்கினார். காய்த்த தோலை அழுத்தினேன், சீழ் வந்தது. வேலூரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேலே தோல் மூடியிருக்க, உள்ளுக்குள்ளேயே அழுகி எலும்புவரை போய்விட்டது, வெளியிலிருந்து யார் பார்த்தாலும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். எனக்கு ஆறுதலாகச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

இப்போது அப்பா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த தோஸ்துகள் முதலில் வந்தார்கள், பிறகு வருவது குறைந்தது. ரயில் சத்தம் கேட்டால், எந்த வண்டி என்று அவராகச் சொல்வார். நான் ஆமாம் என்பேன். எனக்கு எந்த வண்டி என்று எப்படித் தெரியும்?

போன வாரம் வலது காலுக்கு அளவெடுக்க அவரை யூனிட்டுக்கு அழைத்துவந்தேன். அந்தப் பெண் அவரைத் தாங்கிப் பிடித்துக் கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தினாள். ஸ்கேனர் புரோகிராம் இடது கால் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டுச் சேமித்தேன். உள்ளே கட்டிங்கில் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு அப்பாவின் காலையே பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து அப்பாவுக்கே பொறுக்கவில்லை. யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்றே இல்லாமல் போய்விட்டது. அப்பாதான் அவர் கையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார்.

"உடு தம்பி. ஒரு கால் போனா இன்னா? அதான் இன்னொண்ணு இருக்குதே."

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார். நான் திரையை அப்படியே விட்டுவிட்டு வந்து, பலகையின் முன்னால் மண்டியிட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான், "இன்னாம்மா?" என்றார்.

"இல்லப்பா," என்றேன். "இது ஒண்ணுதான்."